பையோடு வரும் மாத்திரை: ஊர் ஊராகப் போகும் ஆண்களுக்கு பிரெப் கைகொடுக்குமா?

வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. உள்ளே 30 மாத்திரை, ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் ஒன்று. எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் பிரெப் மாத்திரை இதுதான். ஒவ்வொரு மாத்திரையிலும் இரண்டு மருந்து: டெனோஃபோவிர் டைசோபிராக்சில் ஃபியூமரேட் 300 மில்லிகிராம், எம்ட்ரிசிடாபின் 200 மில்லிகிராம். சிப்லாவின் டென்விர்-இ.எம்., எம்க்யூரின் டாவின்-இ.எம்., மைலானின் ரிக்கோவிர்-இ.எம். என்று இந்தியாவில் பல பெயர்களில் வந்திருக்கிறது. பெயர் எதுவானாலும் சரக்கு ஒன்றே. ஆகவே எந்தக் கம்பெனி உசத்தி என்ற ஆராய்ச்சி இங்கே கிடையாது. ஆண்களோடு உறவு வைத்திருக்கும் ஒருவர் வேலைக்காகவோ வேறெதற்காகவோ ஓரிடத்தில் தங்காமல் சுற்றுகிறவராக இருந்தால், இந்த டப்பா அவருக்கு எந்த அளவுக்கு உதவும் என்று மட்டும் பார்க்கிறோம். லாரி ஓட்டுநர், மாவட்டம் மாவட்டமாக அலையும் மருந்துக் கம்பெனி பிரதிநிதி, வாரக் கடைசியில் பெங்களூரு பஸ் பிடிக்கும் ஐ.டி. ஆள், வருஷத்துக்கு ஒருமுறை விடுப்பில் வரும் துபாய்க்காரர் எல்லோரும் இதில் அடக்கம்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மருந்து கெட்டிக்கார மருந்து. ஆனால் அதைப் போடும் முறை ஒரே வீட்டில், ஒரே நேரத்தில் தூங்கி எழுகிறவரை மனதில் வைத்து அமைந்தது. பயணிக்கு அது தவறுவது பெரும்பாலும் லாட்ஜில் அல்ல, லாட்ஜிலிருந்து வீடு திரும்பிய நாளில்.

பயணம் என்ன செய்கிறது

ஊர்விட்டு ஊர் போவதே ஆபத்து என்று நினைத்தால் பிழை. பஸ் ஏறுவதால் யாருக்கும் நோய் வருவதில்லை. பயணத்தில் மாறுவது சூழல். சொந்த ஊரில் அண்டை அயலாரின் கண், அண்ணன் தம்பியின் கண் என்று இருந்தவருக்கு வெளியூரில் ஒரு ராத்திரி விடுதலை கிடைக்கிறது. அறை காலை 9 மணிக்குக் காலி செய்ய வேண்டும், போனில் டேட்டிங் ஆப் திறந்தால் ஆள் 400 மீட்டரில் இருக்கிறார், இரண்டு பெக் உள்ளே போயிருக்கிறது. ஆணுறை வாங்க இறங்கிப் போனால் வரவேற்பறைப் பையன் பார்ப்பான் என்ற தயக்கம் வேறு. எல்லாம் சேர்ந்து அவசரமாகிறது. அவசரத்தில் முதலில் விடுபடுவது ஆணுறையும் வழவழப்பு ஜெல்லும்தான்.

இன்னொன்று, ஒரு ஊரின் வட்டமும் மற்றொரு ஊரின் வட்டமும் பயணி வழியாகத்தான் தொட்டுக்கொள்கின்றன. ஓர் ஊருக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் கிருமி அப்படித்தான் தாண்டுகிறது. 2003இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் கண்டறியப்பட்ட எல்.ஜி.வி. என்ற ஆசனவாய்த் தொற்று, அடுத்த சில வருஷங்களில் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றிலும் ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடையே தலைகாட்டியது. 2016 முதல் 2018 வரை ஹெபடைடிஸ் ஏ அதே வழியில் ஐரோப்பா முழுக்கச் சுற்றியது. 2022இல் குரங்கம்மை நாடு விட்டு நாடு பறந்ததும் விழாக்களுக்கும் பார்ட்டிகளுக்கும் போய்வந்தவர்கள் வழியாகத்தான். நம் பக்கத்தில் சித்திரைப் பௌர்ணமிக்குக் கூவாகத்தில் கூடும் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திருநங்கையரின் திருவிழா என்றாலும் கோத்திகளும் (பெண்மைச் சாயல் கொண்ட ஆண்கள்) பந்திகளும் (அவர்களோடு உறவு கொள்ளும் ஆண்கள்) பல மாநிலங்களிலிருந்து வந்து சேருகிறார்கள். அங்கே வருஷா வருஷம் ஆணுறை வினியோகம் நடப்பது சும்மா இல்லை.

மூன்றாவது மாற்றம் சத்தமில்லாதது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய பரிசோதனை, ஆள் வேறு ஊரில் இருக்கும்போது நாள் வந்து நிற்கும். மாத்திரை ஓரிடம், ரிப்போர்ட் ஓரிடம், பழக்கப்பட்ட டாக்டர் இன்னோரிடம். இடைவெளிகள் இப்படித்தான் விழுகின்றன. அதே சமயம் நியாயமாகச் சொல்ல வேண்டும்: சின்ன ஊரில் பிரெப் என்ற சொல்லையே கேட்டிராதவர் பலருக்குப் பெருநகரம் போன பிறகுதான் பரிசோதனை, மருந்து, விவரம் தெரிந்த டாக்டர் எல்லாமே கிடைத்திருக்கிறது. பயணம் இரண்டு பக்கமும் வெட்டும்.

தினமுமா, தேவைப்படும்போதா

போடும் முறை இரண்டு. முதலாவது, தினம் ஒன்று. இது பழைய, நன்கு சோதிக்கப்பட்ட முறை. 2010இல் வெளியான ஐபிரெக்ஸ் ஆய்வில் 2,499 பேர் பங்கெடுத்தார்கள். மாத்திரை கொடுக்கப்பட்ட குழுவில் எச்.ஐ.வி. தொற்று 44 சதவீதம் குறைந்தது. இந்த எண்ணைப் பார்த்து ‘இவ்வளவுதானா’ என்று பலர் முகம் சுளிப்பதுண்டு. கொடுத்ததை எல்லோரும் போடவில்லை என்பதே காரணம். ரத்தத்தில் மருந்து உண்மையிலேயே இருந்தவர்களை மட்டும் பார்த்தபோது பாதுகாப்பு 90 சதவீதத்தைத் தாண்டியது. அதன் தொடர்ச்சியாக வந்த ஆய்வில், வாரத்துக்கு 4 மாத்திரையாவது போட்டதற்கான மருந்தளவு இருந்தவர்களிடம் புதுத் தொற்று ஒன்றுகூடப் பதிவாகவில்லை. தினமும் போடுகிறவர் ஒரு நாள் மறந்தால் குடி மூழ்கிவிடாது என்பதற்கு ஆதாரம் இதுதான். பயணிக்கு இந்தத் தாராளம் பெரிய விஷயம்.

இரண்டாவது, தேவைக்கு மட்டும் போடும் 2+1+1. பிரான்சிலும் கனடாவிலும் நடந்த இப்பர்கே ஆய்வு 2015இல் இதில் 86 சதவீதம் தொற்று குறைவதாகக் காட்டியது. ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களுக்கு இந்த முறையை 2019இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. கணக்கு எளிது: உறவுக்கு 2 முதல் 24 மணி நேரம் முன்பு ஒரேயடியாக 2 மாத்திரை, அதிலிருந்து 24 மணி நேரம் கழித்து 1, மேலும் 24 மணி நேரம் கழித்து 1.

காகிதத்தில் எளிது. நடைமுறையில் எப்படி ஓடுகிறது என்று ஒரு வாரக் கடைசியை வைத்துப் பார்ப்போம். வெள்ளி இரவு 9 மணிக்கு 2 மாத்திரை. 11:30க்கு உறவு. சனி இரவு 9 மணிக்கு 1. அன்றைக்கும் 11 மணிக்கு உறவு. இங்கேதான் பலர் கணக்கைக் கோட்டை விடுகிறார்கள். ‘ரெண்டு போட்டாச்சு, சனிக்கிழமை ஒண்ணு, ஞாயித்துக்கிழமை ஒண்ணு, முடிஞ்சுது’ என்று நிறுத்திவிடுவார்கள். ஆனால் கடைசி இரண்டு மாத்திரையை எண்ண ஆரம்பிக்க வேண்டியது கடைசி உறவுக்குப் பிறகு. ஆகவே ஞாயிறு இரவு 9 மணிக்கு ஒன்று, திங்கள் இரவு 9 மணிக்கு ஒன்று. மொத்தம் 5. அடுத்தடுத்த எத்தனை நாள் உறவு உண்டோ, அந்த எண்ணோடு 3 கூட்டினால் எடுத்துப்போக வேண்டிய மாத்திரை கிடைத்துவிடும்: ஒரு நாளுக்கு 4, இரண்டு நாளுக்கு 5, நாலு நாளுக்கு 7. இன்னும் இரண்டைக் கையிருப்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பஸ் பஞ்சராகும், ரயில் தாமதமாகும், திட்டம் மாறும்.

அந்தத் திங்கள் மாத்திரைதான் விஷயமே. ஞாயிறு ராத்திரி பஸ்ஸில் ஏறி, திங்கள் விடியற்காலை வீட்டுக்கு வந்து, பையை அம்மாவோ மனைவியோ பிரித்துத் துணியை எடுத்துத் துவைக்கப் போட்டிருப்பார்கள். மாத்திரை அந்தப் பையின் உள்ஜிப்பில் இருக்கும். இரவு 9 மணிக்கு எல்லோரும் கூடத்தில் டி.வி. முன்னால். எழுந்து போய் எடுக்க முடியாது, எடுத்தால் என்ன மாத்திரை என்று கேள்வி வரும். அன்றைக்கு விட்டால் விட்டதுதான். இதற்கு நாங்கள் கண்ட நல்ல வழி, நேரத்தை முன்கூட்டியே தோதாக வைப்பது. வெள்ளி இரவு 9க்கு ஆரம்பிப்பதற்குப் பதில் மாலை 5 மணிக்கு ஆரம்பித்தால் திங்கள் மாத்திரை அலுவலக நேரத்தில் விழும். அந்தக் கடைசி மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் கிளம்பும் முன்பே ஆபீஸ் மேசை அறையிலோ பைக்கின் பெட்டியிலோ வைத்துவிடலாம். வெயிலில் நிற்கும் பைக் என்றால் பெட்டி வேண்டாம்.

அடுத்தடுத்த வாரங்களில் பயணம் உண்டென்றால்: கடைசியாகப் போட்ட மாத்திரைக்குப் பிறகு 7 நாள் ஆகவில்லையென்றால் மறுபடி ஆரம்பிக்க 1 போதும், 7 நாளோ அதற்கு மேலோ ஆகிவிட்டால் திரும்பவும் 2. வாரா வாரம் போகிறவர் இந்தக் கூட்டல் கழித்தலோடு மல்லுக்கட்டுவதைவிட தினமும் ஒன்று போட்டுவிடுவது மேல் என்பது எங்கள் அபிப்பிராயம். மாதத்துக்கு ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோ வெளியூர் போகிறவருக்கு 2+1+1 காசையும் மிச்சப்படுத்தும், மாத்திரையையும் மிச்சப்படுத்தும்.

2+1+1 எல்லோருக்கும் ஆகாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஹெபடைடிஸ் பி நாள்பட்டு இருப்பவருக்கு ஆகாது: டெனோஃபோவிர் அந்தக் கிருமியையும் அடக்கும் மருந்து, போட்டு நிறுத்திப் போட்டு நிறுத்தினால் கல்லீரல் திடீரென்று வீங்கிக் கொதிக்கலாம். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் எடுக்கும் திருநங்கையருக்கும் இந்த முறை பரிந்துரைக்கப்படவில்லை. அவர்கள் தினமும் போடலாம். பெண்களுக்கும் இது கிடையாது. கணவன் போட்டால் மனைவிக்கும் சேர்த்துத்தானே என்று கேட்பவர்கள் உண்டு. மாத்திரை போட்டவர் உடம்பில் மட்டும்தான் வேலை செய்யும். அவருக்குத் தொற்றாமல் இருந்தால் அவர் வழியாக மனைவிக்குப் போகாது, அவ்வளவே.

கடையில் வாங்கும்போது

பெயர்க் குழப்பம் ஒன்று இருக்கிறது, கவனம். டென்விர் என்றால் வெறும் டெனோஃபோவிர். டென்விர்-எல் என்றால் டெனோஃபோவிரும் லாமிவுடினும். டென்விர்-இ.எம். என்பதுதான் நமக்கு வேண்டியது. மெடிக்கலில் ‘டென்விர்’ என்று மட்டும் கேட்டு வாங்கி வந்துவிட்டால் டப்பா ஒரே குடும்பச் சாயலில் இருக்கும், உள்ளே பாதி மருந்துதான் இருக்கும். பிராண்டைப் பார்க்காதீர்கள். லேபிளில் இரண்டு மருந்தின் பெயரும், 300, 200 என்ற இரண்டு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். எண் 25 என்று இருந்தால் அது டெனோஃபோவிர் அலாஃபெனமைடு, ஹெட்டிரோவின் டாஃபெரோ-இ.எம். அந்த வகை. தினசரி பிரெப்புக்கு அது பயன்படும், ஆனால் 2+1+1 முறைக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை.

டாக்டர் சீட்டு வேண்டும். இதுதான் சின்ன ஊர்க்காரரை மிரட்டும் படி. எந்த டாக்டரிடம் போய் என்ன சொல்வது? சுற்றி வளைக்காமல் இப்படிச் சொன்னால் பாதி வேலை முடிந்தது: ‘டாக்டர், எனக்கு ஆண்களோட உறவு உண்டு. பிரெப் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். எச்.ஐ.வி., எச்.பி.எஸ்.ஏ.ஜி., கிரியாட்டினின், வி.டி.ஆர்.எல். நாலும் எழுதிக் குடுங்க.’ விவரம் தெரிந்த டாக்டர் பேனாவை எடுப்பார். தெரியாதவர் விழிப்பார் அல்லது ‘கல்யாணம் ஆயிடுச்சா’ என்று ஆரம்பிப்பார். எழுந்து வேறு ஆளைப் பார்க்கலாம். 2018 செப்டம்பர் 6க்குப் பிறகு, வயது வந்தவர்கள் மனமொப்பிக் கொள்ளும் உறவு இந்தியாவில் குற்றமல்ல. அதற்காக யாரிடமும் கூசிக்கொண்டு நிற்கத் தேவையில்லை. எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 1097, எந்த ஊரிலிருந்து அழைத்தாலும் இலவசம்.

அந்த நாலு பரிசோதனையும் எதற்கு? ஏற்கெனவே எச்.ஐ.வி. இருப்பவர் இந்த இரண்டு மருந்தை மட்டும் போட்டால் கிருமி அடங்காது, பழகிக்கொள்ளும். கிருமியின் மரபணுவில் எம்184வி, கே65ஆர் என்ற மாற்றங்கள் வந்துவிட்டால் பிறகு சிகிச்சைக்கு இதே மருந்துகள் உதவாமல் போகலாம். ‘மச்சி, ரெண்டு மாத்திரை குடு’ என்று நண்பரிடம் கடன் வாங்கிப் போடுவது ஆபத்தாவது இந்த இடத்தில்தான். எச்.பி.எஸ்.ஏ.ஜி. ஹெபடைடிஸ் பிக்கு. வி.டி.ஆர்.எல். சிபிலிஸுக்கு. கிரியாட்டினின் சிறுநீரகத்துக்கு, கிரியாட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேகம்) நிமிடத்துக்கு 60 மில்லிலிட்டருக்குக் கீழே இருந்தால் இந்த மாத்திரை வேண்டாம். ஜிம் போகிறவர்கள் கிரியாட்டின் பவுடர் கலக்கிக் குடித்தால் இந்த எண் உண்மையைவிட மோசமாகக் காட்டும்; பரிசோதனைக்கு முன்பு நிறுத்தி வையுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். லாரி ஓட்டுநர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: இடுப்பு வலிக்கு டைக்ளோஃபினாக்கைத் தினமும் விழுங்கிக்கொண்டே டெனோஃபோவிரும் போட்டால் சிறுநீரகம் அடி வாங்கும். எப்போதாவது ஒன்று என்றால் பயமில்லை. பழக்கமாகிவிட்டால் வலிக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

வழியில் வரும் தொல்லைகள்

முதல் சில நாளில் குமட்டல், வயிற்றுப் பொருமல், தலைவலி வரலாம். பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் போய்விடும். சாப்பிட்டுவிட்டுப் போட்டால் குமட்டல் குறையும். ஊட்டி மலைப்பாதையில் வாந்தி எடுக்கிறவரா? போட்டு ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் அந்த டோஸைத் திரும்பப் போட வேண்டும். ஒரு மணி நேரம் தாண்டியிருந்தால் வேண்டாம். மது மருந்தின் வேலையைக் கெடுப்பதில்லை, மாத்திரை போடும் நினைவைக் கெடுக்கிறது. போனில் அலாரம் வையுங்கள், அலாரத்துக்கு ‘வண்டி சர்வீஸ்’ என்று பெயர் வையுங்கள்.

டப்பாவைப் பற்றிய எங்கள் ஒரே குறை, குலுங்கும் சத்தம். பாதி தீர்ந்த டப்பா பைக்குள் கிலுகிலுப்பை மாதிரி பேசும். கொஞ்சம் பஞ்சை மேலே வைத்து மூடினால் அடங்கும். சின்னப் பயணத்துக்கு எண்ணிக்கையாக எடுத்து ஈரம் புகாத சிமிழில் வைக்கலாம். சித்திரை வெயிலில் நிற்கும் லாரி கேபினிலும் கார் டேஷ்போர்டிலும் சூடு லேபிளில் போட்டிருக்கும் வரம்பைச் சுலபமாகத் தாண்டிவிடும். அங்கே மட்டும் வைக்காதீர்கள். ஆணுறைக்கும் இதே விதி. பின்பாக்கெட் பர்ஸில் மாதக்கணக்கில் நசுங்கிய ஆணுறை கிழியும்.

ஜெல் விஷயத்தில் லாட்ஜ் அறைகள் ஒரு தனி உலகம். தேங்காய் எண்ணெய், வாசலின், குளியலறையில் இருக்கும் ஷாம்பு என்று கைக்குக் கிடைத்ததைப் பயன்படுத்துகிறார்கள். எண்ணெயும் வாசலினும் லேடக்ஸ் ஆணுறையைச் சில நிமிடத்தில் இற்றுப்போகச் செய்யும். ஷாம்பும் சோப்பும் ஆசனவாயின் மெல்லிய தோலை எரிச்சலாக்கிக் கிருமிக்கு வாசல் திறந்துவிடும். தண்ணீர் சார்ந்த ஜெல் அல்லது சிலிக்கான் ஜெல், சின்ன ட்யூப் ஒன்று, மாத்திரைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

நேர வித்தியாசம் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், மணி நேரத்தை எண்ணுங்கள். சென்னையில் இரவு 9 மணிக்குப் போட்டவருக்கு அடுத்த 24 மணி நேரம் துபாயில் இரவு 7:30க்கு முடியும். தினசரி போடுகிறவர் சில மணி நேரம் முன்பின் ஆனால் கவலைப்பட வேண்டாம். புது ஊர் நேரத்துக்கு மெல்ல மாறிக்கொள்ளலாம்.

திடீரென்று நடந்துவிட்டது, 2 மணி நேரம் முன்பு போட வாய்ப்பே இல்லை என்றால் இந்த டப்பாவை நம்பாதீர்கள். அதற்கு வேறு மருந்து இருக்கிறது: பெப். 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மையத்துக்கோ, ராத்திரி என்றால் அவசரப் பிரிவுக்கோ போய்க் கேளுங்கள். சொந்த ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளுகிறவர்தான் 72 மணி நேரத்தைத் தவறவிடுகிறார்.

எல்லை தாண்டினால்

வளைகுடா நாடுகளின் வேலை விசாவுக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு, அதில் எச்.ஐ.வி. பரிசோதனையும் உண்டு, தொற்று இருந்தால் விசா கிடைக்காது. சிங்கப்பூரின் வொர்க் பர்மிட்டுக்கும் அப்படியே. பிரெப் போடுவதால் அந்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்துவிடுமோ என்று பயந்து, பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே நிறுத்திவிடுகிறவர்களைப் பற்றிக் கேள்விப்படுகிறோம். பிரெப் எச்.ஐ.வி. பரிசோதனையைப் பாசிட்டிவ் ஆக்காது. நிறுத்தத் தேவையில்லை.

பெட்டியில் டப்பா இருப்பது வேறு பிரச்சினை. இதே இரண்டு மருந்தும் எச்.ஐ.வி. சிகிச்சையிலும் பயன்படுவதால், பார்க்கிறவர் ‘நோயாளி’ என்று முடிவு கட்டலாம். ஆண்-ஆண் உறவு குற்றமாக இருக்கும் நாட்டில் பிரெப் என்று விளக்குவதும் வம்பு. மருந்தின் பெயரும் அளவும் மட்டும் உள்ள டாக்டர் சீட்டு, மூல டப்பா, தங்கும் காலத்துக்கு வேண்டிய எண்ணிக்கை, அதற்கு மேல் வேண்டாம். அந்த நாட்டின் மருந்து இறக்குமதி விதியைக் கிளம்பும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

மாத்திரை தடுக்காதவை

சிபிலிஸ், கொனோரியா, கிளமிடியா, ஹெபடைடிஸ் ஏ, குரங்கம்மை எதையும் பிரெப் தடுக்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி.யோடு சிபிலிஸுக்கும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் அரசு நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். எந்த ஊர் மையத்துக்கும் போகலாம். பயணிக்கு இது வசதி. 2017இன் எச்.ஐ.வி. சட்டப்படி சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கவும் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்துப் பூட்டிய ஃபோல்டரில் வையுங்கள், அடுத்த ஊர் டாக்டருக்கு அதுதான் ஃபைல். போன வாரம் நடந்ததற்கு இந்த வாரம் பரிசோதித்து நிம்மதி அடையாதீர்கள்: விரல் குத்தி எடுக்கும் ஆன்டிபாடி பரிசோதனை உறுதியாகச் சொல்ல 90 நாள் வரை ஆகலாம், ஆய்வகத்தின் நான்காம் தலைமுறைப் பரிசோதனைக்கு 45 நாள். உறவுக்கு 2 முதல் 4 வாரம் கழித்துக் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு என்று வந்தால் பயணக் களைப்பு என்று விட்டுவிடாமல் உடனே பார்க்க வேண்டும்.

சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் என்றதும் மெடிக்கலில் அசித்ரோமைசின் ஒன்று வாங்கிப் போட்டுப் பஸ் ஏறுகிறவர் அதிகம். அறிகுறி அடங்கும், கிருமி மிஞ்சும், அடுத்த ஊருக்கும் போகும். அரசு சுரக்ஷா கிளினிக்குகளில் நிறம் பிரித்த மருந்துக் கிட்டுகள் உண்டு. சீழ் வடிதலுக்கு உரிய சாம்பல் நிறக் கிட்டில் அசித்ரோமைசினோடு செஃபிக்சிமும் இருப்பது காரணமாகத்தான்: கிளமிடியாவுக்கு ஒன்று, கொனோரியாவுக்கு ஒன்று. பாதியை மட்டும் போட்டால் பாதி வேலைதான் நடக்கும். பெரிய ஓட்டை எது என்றால், ஆசனவாயிலும் தொண்டையிலும் இருக்கும் கொனோரியா, கிளமிடியா பெரும்பாலும் அறிகுறியே காட்டாது, சிறுநீர்ப் பரிசோதனையிலும் சிக்காது. அங்கிருந்து பஞ்சுக்குச்சியில் மாதிரி (ஸ்வாப்) எடுத்துப் பார்க்கும் வசதி உள்ள ஆய்வகம் பெருநகரத்தில் கிடைத்தால், அந்தப் பக்கம் போகும்போது முடித்துவிடுவது புத்திசாலித்தனம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதம் என்று மூன்று; ஏ தடுப்பூசி ஆறு மாத இடைவெளியில் இரண்டு. இரண்டும் ஒருமுறை போட்டால் முடிந்த கதை.

ஏற்கெனவே எச்.ஐ.வி. உள்ளவருக்கு இந்த டப்பா தேவையே இல்லை. அவருக்குச் சிகிச்சை மாத்திரைதான் தடுப்பும்: கிருமி அளவு கண்டறிய முடியாத நிலையில் இருந்தால் உறவில் பரவாது. வேலை மாறி வேறு ஊர் போனால் ஏ.ஆர்.டி. மையத்தில் டிரான்ஸ்ஃபர் கேட்டு வாங்கலாம், சில மாதத்து மாத்திரையைச் சேர்த்தும் கேட்கலாம்.

யாருக்கு வாங்கலாம்

மாதத்தில் பாதி நாள் வெளியூர் என்பவருக்கு: தினசரி முறை, மூன்று மாதப் பரிசோதனையோடு. எப்போதாவது போகிறவருக்கு, போகும் நாள் முன்கூட்டியே தெரிகிறவருக்கு: 2+1+1. திட்டமே இல்லாமல் அவ்வப்போது நடக்கிறவருக்கு 2+1+1 ஏமாற்றும். அவரும் தினசரிக்குப் போவதே நல்லது. எந்த மாத்திரையையும் வீட்டில் ஒளித்து வைக்க முடியாதவருக்கு இந்தப் பொருளில் பெரிய பிடிப்பு இல்லை. அவருக்கான பொருள் வந்துகொண்டிருக்கிறது: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் கபோடெக்ராவிர் ஊசி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனாகாபாவிர் ஊசி. பின்னதை 2025 ஜூனில் அமெரிக்கா அனுமதித்தது. வருஷத்துக்கு இரண்டு குத்து என்றால் பையில் எதுவும் குலுங்காது, திங்கள் இரவு 9 மணிக்கு யாரும் எழுந்து போக வேண்டியதும் இல்லை. அது நம் ஊர் மருத்துவமனை வரை வந்து சேரும் மட்டும், கடைசி மாத்திரை ஆபீஸ் மேசை அறையில் இருக்கட்டும்.